பந்தைப் பழசாக்குகிறவர்கள்

என் மாமாவிடம் கோடு போட்ட பழைய கணக்கு நோட்டு ஒன்று இருக்கிறது. கிரிக்கெட் வீரர் கவாஸ்கர் ஓப்பனராக, அதாவது முதல் ஜோடியில் ஒருவராக, இறங்கி அடித்த டெஸ்ட் சதங்கள் 34 என்று அதில் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார். உலகத்தில் உள்ள மற்ற எல்லாப் பட்டியலிலும் அது 33. இந்த ஒரு சதத்துக்காக எங்கள் வீட்டில் இருபது வருடத்துக்கும் மேலாக வழக்கு நடக்கிறது.

"மொத்தமே 34 தான் மாமா. அதுல ஒண்ணு நாலாவதா எறங்கி அடிச்சது. சேப்பாக்கத்துல, 1983 டிசம்பர். நீங்களே நேர்ல பாத்தது."

"எவ்வளவு அடிச்சான்?"

"236 நாட் அவுட்."

"அது கெடக்கட்டும். அவன் உள்ள போகும்போது போர்டுல என்ன ஸ்கோர்?"

இந்த இடம் வந்ததும் நான் வாயை மூடிக்கொள்வேன். ஸ்கோர் 0/2. ரன்னே இல்லை, இரண்டு விக்கெட் போயிருந்தது.

அந்தத் தொடரின் கதை தெரிந்தால்தான் மாமாவின் பிடிவாதம் புரியும். உலகக் கோப்பையைத் தோற்ற கோபத்தோடு வந்திருந்தது மேற்கிந்தியத் தீவுகள் அணி. கான்பூரில் அவர்களுடைய வேகப்பந்து வீச்சாளர் மார்ஷல் போட்ட ஒரு பந்தில் கவாஸ்கரின் மட்டை கையைவிட்டுத் தெறித்துப் போனது. அடுத்த டெஸ்ட் டெல்லியில். அதுவரை உள்ளே பூட்டி வைத்திருந்த, எகிறி வரும் பந்தை இழுத்து அடிக்கும் ஹூக் ஷாட்டை வெளியே எடுத்து, 94 பந்தில் சதம் அடித்தார். ஆஸ்திரேலியாவின் பிராட்மன் அடித்த 29 சதங்களை எட்டிப் பிடித்தது அன்றுதான். ஆனால் கல்கத்தாவில் ஆட்டத்தின் முதல் பந்திலேயே மார்ஷலிடம் அவுட். அதற்குப் பிறகுதான் சென்னையில் கொஞ்சம் கீழே இறங்குகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். இறங்கியும் என்ன பயன்? கெய்க்வாடும் வெங்சர்க்காரும் ரன் எதுவும் எடுக்காமல் மார்ஷலிடம் போய்ச் சேர்ந்தார்கள். நீ எப்போது வந்தால் என்ன, ஸ்கோர் பூஜ்யம்தானே என்று ரிச்சர்ட்ஸ் கிண்டலடித்ததாக ஒரு கதை உண்டு. பிறகு பத்து மணி நேரத்துக்கும் மேல் ஆடினார். பிராட்மனைத் தாண்டிய 30ஆவது சதம் அது. ஒன்பதாவது விக்கெட்டுக்குக் கிர்மானியோடு பிரியாமல் 143 சேர்த்தார்.

மாமாவின் கட்சி எளிமையானது. ஓப்பனர் என்பது ஸ்கோர்கார்டில் பெயர் வரும் இடம் இல்லை, பந்தின் நிலைமை. பந்து புதுசாக இருக்கும்போது, அதை வீசுகிறவன் காலையில் குளித்துவிட்டு வந்த தெம்போடு இருக்கும்போது, எவன் மட்டையோடு நிற்கிறானோ அவன் ஓப்பனர். கல்லூரி நாட்களில் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். இப்போது டெஸ்ட் ஓப்பனர்களில் யார் பெரியவர் என்று யார் பேச ஆரம்பித்தாலும் இதைத்தான் அளவுகோலாக எடுக்கிறேன். சராசரியைப் பிறகு பார்க்கலாம். ஆள் அவுட்டாகிப் போகும்போது பந்தை எந்த நிலையில் விட்டுவிட்டுப் போனார்? அடுத்து வருகிறவனுக்கு எப்படிப்பட்ட பவுலரை மிச்சம் வைத்தார்?

இது எனக்குக் கொஞ்சம் சொந்தக் கதையும்கூட. சென்னை லீக்கின் கீழ் டிவிஷன் ஒன்றில் இரண்டு சீசன் ஓப்பனராக ஆடியிருக்கிறேன். மேட்டிங் விக்கெட். புதுப் பந்து அதில் குத்தி எழும்பினால் மோவாய்க்கு வரும். திறமை இருந்ததால் என்னை ஓப்பனிங் அனுப்பினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். வேறு யாரும் போக மாட்டேன் என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒன்றேகால் மணி நேரம் டொக்கு வைத்து 9 ரன் எடுத்தேன். விலாவில் இரண்டு அடி. நான் அவுட்டாகி வந்த சமயம் பந்து அழுக்கேறிச் செங்கல் துண்டு மாதிரி இருந்தது, அவர்களுடைய வேகப்பந்து வீச்சாளன் லாங் லெக்கில் இடுப்பில் கைவைத்து நின்றான். எனக்குப் பிறகு போனவன் 80 அடித்தான். நியாயமாக அவனுக்குத்தான் பாராட்டு. அன்றைக்கு ராத்திரி விலாவில் தைலம் தேய்க்கும்போது, அந்த 80 ரன்னில் என் பங்கு என்று ஏதாவது எழுத ஒரு கட்டம் ஸ்கோர் புத்தகத்தில் இருந்திருக்கலாமே என்று தோன்றியது.

டெஸ்டில் இதன் அளவு வேறு. மணிக்கு 140 கிலோமீட்டரில் வரும் பந்து அரை நொடிக்கும் குறைவில் மட்டைக்கு வந்துவிடும். புதுப் பந்துக்கு மேலே ஒரு பளபளப்புப் பூச்சு, நடுவில் விறைப்பாக நிற்கும் தையல். உள்ளே வருமா, வெளியே போகுமா என்று கையைவிட்டுக் கிளம்பும்போதே யூகித்தாக வேண்டும். இங்கிலாந்தின் டியூக்ஸ் பந்து நெடுநேரம் வளையும். ஆஸ்திரேலியாவின் கூக்கபுரா தையல் சீக்கிரம் படிந்துவிடும், ஆனால் அதற்கு முன்னால் எகிறும். நம்மூர் எஸ்ஜி பந்தில் தையல் தடித்து நிற்பதால் சுழல் பந்து வீச்சாளனே புதுப் பந்தைக் கேட்டு வாங்குவான். எந்த நாட்டில் எந்தப் பந்து என்பதே ஓப்பனரின் ஜாதகத்தில் பாதி.

இன்னொன்று இருக்கிறது. பேச்சில் அதிகம் அடிபடாத விஷயம். இரண்டு இன்னிங்ஸுக்கு நடுவே இருப்பது பத்தே நிமிடம். எதிரணி ஒன்றரை நாள் ஆடி டிக்ளேர் செய்கிறது என்று வையுங்கள். ஐந்தாவதாக இறங்குகிறவன் ஷூவைக் கழற்றிவிட்டு ஐஸ் பெட்டியில் கால் வைத்துக்கொள்ளலாம். ஓப்பனர் அந்தப் பத்து நிமிடத்துக்குள் பெவிலியனுக்கு ஓடி, முகத்தில் தண்ணீர் அடித்து, பேட் கட்டி, சாயங்கால வெளிச்சத்தில் அரை மணி நேரம் தாக்குப்பிடிக்கத் திரும்பி ஓடிவர வேண்டும். அவன் கேப்டனாகவும் இருந்தால் கேட்கவே வேண்டாம். ஃபீல்டிங் வியூகம் போட்ட தலையோடு அப்படியே ஸ்டம்புக்கு முன்னால் கார்டு எடுத்து நிற்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் கிரேம் ஸ்மித் தன் 117 டெஸ்டில் 109ஐக் கேப்டனாகவே ஆடி 48.25 சராசரி வைத்திருந்தார். 2008இல் எட்ஜ்பாஸ்டனில் 281ஐத் துரத்தி 154 நாட் அவுட். அழகாக ஆடினார் என்று யாரும் சொன்னதில்லை. மட்டையைக் கோடாலி மாதிரிப் பிடிப்பார். என் கணக்கில் அவருக்குக் கிடைத்த பெயர் போதாது.

அந்தப் பத்து நிமிடத்துக்கு அர்த்தம் என்ன என்பதை நான் கண்ணால் பார்த்தது 2008 மார்ச்சில். அதே சேப்பாக்கம். தென்னாப்பிரிக்கா 150 ஓவருக்கும் மேல் ஆடி 540 எடுத்தது. சென்னை மார்ச் வெயில் எப்படி என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலரியில் உட்கார்ந்திருந்த எங்களுக்கே தலை சுற்றியது. இரண்டாம் நாள் கடைசியில் சேவாக் இறங்கினார். ஸ்டெய்ன், நிடினி, மார்க்கல். ஆட்டம் முடியும்போது 52. மறுநாள் முழுக்க ஆடி 309. ஒரே நாளில் 257 ரன். 278 பந்தில் முச்சதம். டெஸ்டில் அதைவிட வேகமாக யாரும் அடித்ததில்லை. நான்காம் நாள் காலையில் 319இல் அவுட்.

பந்தைப் பழசாக்குவதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, காலத்தால். விட வேண்டியதை விட்டு, தொட வேண்டியதைத் தொட்டு, ஓவர்களைக் கரைப்பது. இன்னொன்று, அடியால். காலரியின் கம்பி வேலியிலும் விளம்பரப் பலகையிலும் மோத மோத, பந்துக்கு இருபது ஓவரில் நாற்பது ஓவர் வயசாகிவிடும். பந்தைவிட முக்கியம் பவுலர். மூன்று ஸ்லிப், ஒரு கல்லி என்று ஆரம்பித்த கேப்டன், ஆறாவது ஓவரில் ஒரு ஸ்லிப்பை எடுத்து பவுண்டரிக்கு அனுப்பும்போது அடுத்து வரப்போகும் திராவிடின் வேலை பாதி முடிந்தது. அந்த டெஸ்டில் திராவிட் 111 எடுத்தார், 10,000 ரன்னைக் கடந்தார். அவருக்காகத் தனியாக எழுந்து கைதட்டியவர்களில் நானும் ஒருவன், ஆனால் என் கண் அப்போதும் டிரெஸ்ஸிங் ரூம் பக்கம்தான் இருந்தது.

சேவாக்கைப் பற்றி எதிர்க்கட்சி சொல்வதும் உண்மைதான். 104 டெஸ்ட், 8586 ரன், சராசரி 49.34, ஸ்ட்ரைக் ரேட் 82க்கு மேல். ஆனால் இரண்டாவது இன்னிங்ஸ் சராசரி முப்பதைச் சுற்றித்தான் நிற்கிறது. 2011இல் எட்ஜ்பாஸ்டனில் இரண்டு இன்னிங்ஸிலும் முதல் பந்திலேயே அவுட். கால் நகராது, கைதான் வேலை செய்யும். பந்து வளையும் ஊர்களில் அதற்கு விலை கொடுத்தார். இதையெல்லாம் மாமா ஒப்பிப்பார். நான் அவரிடம் 2008 டிசம்பரைக் காட்டுவேன். மும்பைத் தாக்குதல் நடந்து மூன்று வாரம்கூட முடியாத நேரம். இங்கிலாந்தோடு அகமதாபாத்தில் நடக்க வேண்டிய டெஸ்ட்டைச் சென்னைக்கு மாற்றியிருந்தார்கள். நான்காம் நாள் பிற்பகல், 387 வேண்டும், ஆடுகளம் பொரிந்து கிடக்கிறது. அந்த மாதிரி நிலைமையில் ஓப்பனரிடம் எதிர்பார்ப்பது சாயங்காலம் வரை விக்கெட்டைக் காப்பாற்றுவது. சேவாக் 68 பந்தில் 83 அடித்தார். நாள் முடிவில் 131/1. மறுநாள் சச்சின் 103 நாட் அவுட்டோடு ஜெயித்துக் கொடுத்தார், எல்லோருக்கும் ஞாபகம் இருப்பது அந்தச் சதம். ஆட்ட நாயகன் விருதைச் சரியாக சேவாக்குக்குக் கொடுத்தார்கள். இரண்டாவது இன்னிங்ஸ் ஆடத் தெரியாதவர் என்று சராசரி சொல்லும் ஆளின் இரண்டாவது இன்னிங்ஸ் அது.

இதே டெஸ்டில் இங்கிலாந்தின் ஸ்ட்ராஸ் இரண்டு இன்னிங்ஸிலும் சதம் அடித்தார். 123, 108. தோற்ற அணியில் ஓப்பனருக்கு நேரும் கதி இதுதான்.

மாமாவுக்குச் சாதகமான எண் ஒன்றை நானே எடுத்துத் தருகிறேன். நான்காவது இன்னிங்ஸில் கவாஸ்கரின் சராசரி 58.25. மொத்தச் சராசரியான 51.12ஐவிட அதிகம். ஆடுகளம் கெட்டுப்போன பிறகு சராசரி ஏறுகிற மனிதரை எங்கே வைப்பது? 1979இல் இங்கிலாந்துக்கு எதிராக ஓவலில் 438ஐத் துரத்தினார்கள். சேத்தன் சவுகானோடு முதல் விக்கெட்டுக்கு 213. கவாஸ்கர் 221. ஆட்டம் முடியும்போது இந்தியா 429/8. ஒன்பது ரன் குறை. 1987இல் பெங்களூரில் பாகிஸ்தானுக்கு எதிரான அவருடைய கடைசி டெஸ்ட் இன்னிங்ஸ் இன்னும் பெரியது என்பேன். முதல் நாளிலிருந்தே சுற்றிய ஆடுகளம். இக்பால் காசிமும் தவ்சீஃப் அகமதுவும் ஆளுக்கு ஒன்பது விக்கெட். வெற்றிக்கு 221 வேண்டும், கவாஸ்கர் 96. இந்தியா 16 ரன்னில் தோற்றது. புதுப் பந்து, வேகம், பவுன்ஸர் என்று வாழ்நாள் முழுக்கப் பேர் வாங்கியவரின் கடைசிப் பாடம் சுழலுக்கு எதிராக நடந்தது.

ஆனால் கவாஸ்கர் புராணத்தில் ஒரு பத்தியை நான் திருத்தித்தான் ஆக வேண்டும். "மேற்கிந்தியத் தீவுகளின் பயங்கர வேகத்துக்கு எதிராக 13 சதம்" என்று தேநீர்க் கடை வரைக்கும் சொல்கிறார்கள். 13 சரி. பயங்கர வேகம் எல்லாச் சமயமும் இல்லை. 1971இல் அறிமுகத் தொடரில் நான்கு டெஸ்டில் 774 ரன் குவித்தார், நான்கு சதம். அப்போது அவர்களுடைய வேகப்பந்து வீச்சாளர்கள் ராபர்ட்ஸோ ஹோல்டிங்கோ வந்திருக்கவில்லை. 1978-79இல் மறுபடி நான்கு சதம். அவர்களுடைய பெரிய பவுலர்கள் பேக்கர் என்பவர் தனியாக நடத்திய கிரிக்கெட்டுக்குப் போயிருந்த நேரம். 1976இல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் இரண்டு. அதில் ஒன்று 403ஐத் துரத்தி ஜெயித்த ஆட்டத்தில் வந்தது. மார்ஷலும் ஹோல்டிங்கும் சேர்ந்து ஓடிவந்த 1983இல் மூன்று: ஜார்ஜ்டவுனில் 147 நாட் அவுட், டெல்லியில் 121, சேப்பாக்கத்தில் 236. மூன்று என்பது சின்ன எண் இல்லை. ஹெல்மெட் இல்லாமல் அந்த மூன்றை அடித்தவருக்கு 13 என்ற பெரிய எண்ணின் முட்டு தேவையில்லை. இதைச் சொன்னால் மாமா ஒரு வாரம் பேச மாட்டார்.

சவுகான் பெயர் வந்ததால் அவரிடம் கொஞ்சம் நிற்கிறேன். 40 டெஸ்ட் ஆடி 2084 ரன். சதமே இல்லை, அதிகபட்சம் 97. சராசரி 31.57. எந்தக் கனவு அணியிலும் அவருக்கு இடம் கிடைக்காது. ஆனால் கவாஸ்கரோடு சேர்ந்து முதல் விக்கெட்டுக்கு 3,000 ரன்னுக்கு மேல், பத்து முறை நூறு ரன் கூட்டு. அந்தப் பத்து முறையும் வெங்சர்க்காரும் விஸ்வநாத்தும் அழுக்குப் பந்தைத்தான் சந்தித்தார்கள். அவர்களுடைய சராசரிக்குள் சவுகானின் முட்டியில் பட்ட அடிகள் சேர்ந்து கிடக்கின்றன. பிரித்து எடுக்க வழி இல்லை. அவருக்குப் பின் வந்த நம்ம ஊர் ஸ்ரீகாந்த் நேர் எதிர். கவாஸ்கர் ஒரு முனையில் ஜபம், ஸ்ரீகாந்த் மறுமுனையில் சரவெடி. 43 டெஸ்டில் சராசரி 29.88தான், சதம் இரண்டுதான். இருந்தாலும் 1986இல் சிட்னியில் கவாஸ்கர் 172, ஸ்ரீகாந்த் 116 என்று ஆரம்பித்ததில் இந்தியா 600/4 வரை போனது. சேவாக்குக்கு முன்னால் சேவாக் மாதிரி ஒரு விதை முளைத்துப் பார்த்தது சென்னையில்தான் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஊர்ப்பாசம் உண்டு, மறைக்கவில்லை.

ஜோடியாகப் பார்க்க ஆரம்பித்தால் எல்லாத் தெருவும் இங்கிலாந்தின் ஹாப்ஸ், சட்கிளிஃப் வீட்டு வாசலில்தான் போய் முடியும். ஹாப்ஸ் 61 டெஸ்டில் 56.94, சட்கிளிஃப் 54 டெஸ்டில் 60.73. இருவரும் சேர்ந்து 38 முறை ஓப்பனிங் இறங்கினார்கள். ஒவ்வொரு முறைக்கும் சராசரி 87.81. அதாவது மூன்றாவதாக வருகிறவன் நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டு வரலாம். இதில் ஒரு விஷயத்தை இன்றைய வாசகர் கற்பனை செய்தே ஆக வேண்டும். அன்றைக்கு ஆட்டம் ஆரம்பித்த பிறகு ஆடுகளத்தை மழைக்கு மூட மாட்டார்கள். ராத்திரி மழை பெய்து, காலையில் வெயில் அடித்தால் மேல்மண் பிசுபிசுவென்று ஆகி, ஒரு பந்து நெஞ்சுக்கு எகிறும், அடுத்தது கணுக்காலில் தங்கும். களிமண் தரையில் கோலிக்குண்டு விளையாடியவர்களுக்கு இது புரியும்.

1929 ஜனவரியில் மெல்போர்னில் அப்படி ஒரு ஆடுகளத்தில் இங்கிலாந்துக்கு 332 வேண்டும். நூறு தேறினாலே அதிசயம் என்று பேச்சு. ஹாப்ஸுக்கு வயது 46. இருவரும் உடம்பெல்லாம் அடி வாங்கிக்கொண்டு 105 சேர்த்தார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு நடுவில் நடந்த ஒரு சங்கதி. ஹாப்ஸ் மட்டை மாற்ற வேண்டும் என்று பெவிலியனுக்குச் சைகை காட்டினார். மட்டையோடு ஓடிவந்தவரிடம் கேப்டனுக்கு ஒரு சேதி சொல்லி அனுப்பினார்: விக்கெட் விழுந்தால் அடுத்து ஜார்டினை அனுப்புங்கள், இந்தத் தரைக்கு அவர்தான் சரி. அப்படியே ஜார்டின் வந்து நின்றார். ஹாப்ஸ் 49இல் போனார். சட்கிளிஃப் மறுநாள் 135 வரை கொண்டு போனார். இங்கிலாந்து மூன்று விக்கெட்டில் ஜெயித்தது. ஹாப்ஸின் அந்த 49ஐ எந்தப் பட்டியலில் சேர்ப்பது? அரைசதத்தில்கூட வராது. தான் அவுட்டாகப் போகும் நேரத்தையும் கணக்கில் எடுத்து, தனக்குப் பின் வருகிறவனைக் களத்தில் நின்றபடியே தேர்ந்தெடுத்த ஓப்பனர் என்று வேறு ஒருவரை எனக்குத் தெரியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே முதல் நாற்காலியை ஹாப்ஸுக்குப் போட்டுவிட்டேன். இத்தனைக்கும் முதல் உலகப் போர் அவருடைய நல்ல வயதில் நான்கு வருடத்தை விழுங்கியிருந்தது.

இங்கிலாந்தின் இன்னொரு ஓப்பனர் ஹட்டனிடம் இரண்டாம் உலகப் போர் எடுத்துக்கொண்டது வேறு. 1938இல் ஓவலில் 364 அடித்தபோது அவருக்கு 22 வயது. போர்க்காலப் பயிற்சியில் இடது கை முறிந்து, எலும்பு ஒட்டு வைத்து, கடைசியில் வலது கையைவிடக் குட்டையாகிப்போனது. அந்தக் கையோடு வந்து ஆஸ்திரேலிய வேகங்களான லிண்ட்வாலையும் மில்லரையும் எதிர்கொண்டு 56.67 சராசரியோடு முடித்தார். இதற்கு மேல் எழுத என்ன இருக்கிறது.

மற்றவர்களைக் கொஞ்சம் வேகமாகக் கடக்கிறேன். மேற்கிந்தியத் தீவுகளின் கிரீனிட்ஜும் ஹெய்ன்ஸும் ஜோடியாக 6482 ரன். அவ்வளவு எடுத்த ஓப்பனிங் ஜோடி டெஸ்டில் வேறில்லை. அவர்களுக்கு ஒரு வசதி, உலகத்தின் மிகப் பயங்கரமான புதுப் பந்து வீச்சு அவர்கள் கட்சியிலேயே இருந்தது. ஆஸ்திரேலியாவின் ஹேடன் அடித்த 380 ஜிம்பாப்வேக்கு எதிராக வந்தது. அதைவிட 2001 சேப்பாக்கத்தின் 203தான் என் மனதில் நிற்கிறது. ஹர்பஜன் சுழற்றிச் சுழற்றிப் போட, முட்டி போட்டு ஸ்வீப், மறுபடி ஸ்வீப். 340/3 என்று இருந்த ஆஸ்திரேலியா 391இல் சுருண்டது, கடைசி ஆளாக அவுட்டானவர் அவர். அதே நாட்டு வார்னரை நான் மேல் வரிசையில் வைக்க மாட்டேன். அடிலெய்டில் 335 அடித்த அதே 2019இல்தான் இங்கிலாந்தில் பத்து இன்னிங்ஸில் 95 ரன், ஏழு முறை பிராடின் பந்தில் அவுட். இங்கிலாந்தின் பாய்காட்டுக்கு என்னிடம் மரியாதை உண்டு, பிரியம் இல்லை. பேரி ரிச்சர்ட்ஸுக்குத் தென்னாப்பிரிக்காவின் நிறவெறியால் நான்கு டெஸ்டுதான் வாய்த்தது, 508 ரன். அவரை எந்தத் தராசிலும் நிறுத்த முடியாது.

இங்கிலாந்தின் அலாஸ்டர் குக் மட்டும் தனி ரகம். 161 டெஸ்ட், 12,472 ரன். அழகு என்று தேடினால் ஒரு கட் ஷாட் கிடைக்கும். ஆனால் 2006இல் நாக்பூரில் அவசரமாக விமானம் ஏறி வந்து அறிமுகமான டெஸ்டிலேயே சதம். 2018இல் ஓவலில் கடைசி இன்னிங்ஸிலும் சதம். நடுவில் பன்னிரண்டு வருடம், பெரும்பாலும் டியூக்ஸ் பந்துக்கு எதிராக, வியர்க்காமல். சராசரி 45தான் என்று சொல்கிறவர்கள் இங்கிலாந்தில் மே மாதக் காலை பதினொரு மணிக்கு ஒரு தடவை கார்டு எடுத்துப் பார்க்கட்டும்.

இலங்கையின் மார்வன் அத்தபத்து பற்றிப் பேசாமல் போக மனமில்லை. முதல் மூன்று டெஸ்டில் ஆறு இன்னிங்ஸ்: 0, 0, 0, 1, 0, 0. அந்த மூன்று டெஸ்டுக்கு நடுவே வருடங்கள் கடந்தன. முடிக்கும்போது 16 சதம், அதில் ஆறு இரட்டைச் சதம். முதல் பந்தில் என்ன நடக்கும் என்ற பயத்தை அவரைவிட நெருக்கமாகப் பார்த்தவர் யார்? ஜெயசூர்யா மறுமுனையில் அடித்து நொறுக்கியதால் அவர் கண்ணில் படாமல் போனார்.

இந்த ஊருக்கு இந்த விஷயத்தில் ஒரு விசித்திரமான பாத்தியதை இருக்கிறது. 1956 ஜனவரியில், அப்போது கார்ப்பரேஷன் ஸ்டேடியம் என்று அழைக்கப்பட்ட இன்றைய நேரு ஸ்டேடியத்தில், நியூஸிலாந்துக்கு எதிராக வினு மன்கட் 231, பங்கஜ் ராய் 173. முதல் விக்கெட்டுக்கு 413. அந்த உலக சாதனை 52 வருடம் நின்றது. 2008இல் சிட்டகாங்கில் ஸ்மித்தும் மெக்கென்சியும் 415 எடுத்து உடைத்தார்கள். மன்கட்டின் 231 இந்தியரின் அதிகபட்ச ஸ்கோராக இருந்தது. அதைத் தாண்டியது கவாஸ்கரின் 236, இதே ஊரில். லக்ஷ்மணும் பிறகு முல்தானில் சேவாக்கும் அதை வெளியூருக்குக் கொண்டு போனார்கள். 319 அடித்து சேவாக்கே திரும்பக் கொண்டுவந்து சேப்பாக்கத்தில் வைத்தார். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

முரளி விஜய்க்கு இந்த ஊர் அவ்வளவு கைதட்டவில்லை என்பது என் ஆற்றாமை. 2014இல் டிரெண்ட் பிரிட்ஜில் 361 பந்து ஆடி 146. ஆஃப் ஸ்டம்புக்கு ஒரு விரற்கடை வெளியே போகும் பந்தை, மட்டையை உயர்த்தி, போய்வா என்று வழியனுப்புவார். ஐபிஎல்லில் சிக்ஸர் அடித்த அதே கை. அந்த வருடக் கடைசியில் பிரிஸ்பேனில் 144. நான் ராத்திரி அந்த 361 பந்தின் தொகுப்பை யூடியூபில் தேடினேன். கிடைத்ததில் பவுண்டரிகள் மட்டும்தான் இருந்தன. விட்ட பந்துகளை யாரும் தொகுக்கவில்லை.

போன மாதம் மாமாவுக்குக் கண் அறுவை முடிந்து பார்க்கப் போயிருந்தேன். பேச்சு வழக்கம்போல இங்கே வந்து நின்றது. எல்லாக் காலத்துக்குமான அணிக்கு ஓப்பனர் இரண்டு பேர் சொல்லுங்கள் என்றேன். ஹாப்ஸும் கவாஸ்கரும் என்று எதிர்பார்த்தேன்.

"ஹாப்ஸ், சட்கிளிஃப். இல்லேன்னா கவாஸ்கர், சவுகான். ஜோடியைப் பிரிக்கக் கூடாது."

"சவுகானா? உலக அணியிலயா? அப்ப சேவாக் எங்க போவான்?"

"மூணாவதா அனுப்பு. பந்து கொஞ்சம் பழசாகட்டும், பையன் நல்லா அடிப்பான்."

நான் எழுந்தே விட்டேன். மூணாவதா போனா அது சேவாக்கே இல்லை, அந்தப் புதுப் பந்தை அடிக்கிறதுதான் அவன், 1983இல் நாலாவதா போனவரை ஓப்பனர்ன்னு எழுதி வெச்சிருக்கீங்க, 2008இல் நிஜமாவே ஓப்பனிங் போனவனை மூணாவதா தள்ளுறீங்க என்று குரலை உயர்த்தினேன். மாமி உள்ளே இருந்து வந்து, டாக்டர் தலையை ஆட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்கார், ரெண்டு பேரும் நிறுத்துங்க என்றாள். சொட்டு மருந்துக்கும் நேரமாகியிருந்தது. மாமா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி அண்ணாந்து படுத்துக்கொண்டு, "அவன் போகும்போது ஸ்கோர் என்ன?" என்றார்.

"எவன் மாமா?"

"சேவாக்தான்."

"82க்கு விக்கெட் இல்லை, மறுநாள் காலைல."

"அதைக் கேக்கலடா," என்றார், மருந்து சொட்டுவதற்குக் கண்ணை அகலத் திறந்துகொண்டு.